இலவசப் படமும் மதியச் சோறும்

எங்கள் வீட்டில் மதியம் குக்கரை இறக்கியதும் டிவியைப் போட்டாக வேண்டும். படம் ஓடினால்தான் என் கணவர் வாயைத் திறப்பார். சின்னக் குழந்தைகளுக்குக் கைபேசியைக் காட்டிச் சோறு ஊட்டுகிற அம்மாக்களை நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன். இந்த வயதில் அதே வேலை எனக்கும் வந்து சேர்ந்தது. காட்டுவதும் பழைய படம், ஊட்டுவதும் பழைய ஆளுக்கு.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஒருவாறு திரும்பி வந்தது, கம்பை ஊன்றிக் கழிவறை வரை போய்வருவார். பேச்சும் திரும்பியது. நெமிலிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர்ப் பேச்சு ஒரு எழுத்து குறையாமல் வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது அவர் மடியில் கிடக்கும். விருந்தாளி வந்தால் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்.

இடது கை நன்றாகத்தான் இருந்தது. ரிமோட்டை அழுத்தும், கொசுவை அடிக்கும், என்னைக் கூப்பிடக் கட்டிலைத் தட்டும். சோற்றை மட்டும் தொடாது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண், "அங்கிள், லெஃப்ட்ல ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிட்டுப் பாருங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"பீச்சாங்கைலயா? எங்க ஊட்ல எவனும் அப்டி துன்னதில்லம்மா. நீ வேற வேலையப் பாரு" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது தூங்குவது போலப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இனிமேல் யார் ஊட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. பின்கட்டில் இருக்கிற என் நாத்தனார் ஒருநாள் தட்டை வாங்கிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார் மனிதர். பூந்தமல்லியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊட்டிப் பார்த்தாள். இரண்டு வாய் வாங்கினார், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவளும் அழுதாள். தட்டு என்னிடமே திரும்பி வந்தது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி கஞ்சி, மூன்று வேளையும் நான்தான். அதனால் எங்கேயும் போனதில்லை. ஆவடிக்குப் போனால்கூட அடுத்த வேளைக்குள் ஓடி வர வேண்டும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் போனிலேயே வாழ்த்து சொல்லிவிடுவேன்.

டிவியை வாங்கி மாட்டியது மகள்தான். அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமென்று பணம் கட்டிப் பார்க்கிற செயலிகள் சிலவற்றையும் போட்டுக் கொடுத்தாள். அதிலெல்லாம் எல்லோரும் இருட்டுக்குள் நின்று கிசுகிசுவென்று பேசினார்கள். "கரண்டு பில்லு கட்டலியா இவனுங்க?" என்று இவர் கேட்டார். கெடு முடிந்ததும் அவை தாமாகவே நின்றுவிட்டன, நாங்களும் புதுப்பிக்கச் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைக்கிற பழைய படங்களுக்கு வந்துவிட்டோம்.

இலவசப் படம் தேடுவது தள்ளுவண்டிக் குவியலில் துணி பொறுக்குவது மாதிரிதான். மேலே தெரிகிற முகம் படத்துக்குள் இருக்காது. 'முழு நீளக் குடும்பக் காவியம்' என்று போட்டிருக்கும், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கதாநாயகியின் கழுத்துக்குக் குறுக்கே யாரோ ஒருவருடைய சேனல் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மா சாகிற காட்சியில், கடைசி மூச்சை இழுத்து மகன் பெயரைச் சொல்லப்போகிற நேரத்தில், சலவைத்தூள் விளம்பரம் வந்து ஒரு பெண் வெள்ளைச் சட்டையை உதறுவாள். விளம்பரம் முடிவதற்குள் அம்மா செத்திருப்பாள். கீழே கருத்துப் பகுதியில், இந்த வருஷமும் இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு லைக் போடுங்கள் என்று எவரோ எழுதியிருப்பார். எங்களைப் போல உலகத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒரு படத்தில் கடைசிப் பகுதியே இல்லை. செய்யாத கொலைக்காகக் கதாநாயகனைத் தூக்கு மேடைக்கு அழைத்துப் போகிறார்கள், கயிறு தெரிகிறது, அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. எங்கெங்கோ தேடினேன், மிச்சம் கிடைக்கவில்லை. இவர் ராத்திரிக் கஞ்சியைக் குடிக்க மாட்டேன் என்றார். கடைசியில் நானே ஒரு முடிவு சொன்னேன். தங்கை ஓடி வருகிறாள், உண்மைக் குற்றவாளி மனம் திருந்திச் சரணடைகிறான், நீதிபதி கண்ணாடியைத் துடைக்கிறார்.

முழுதும் கேட்டுவிட்டு, "படம் ஷோக்கா இருந்துச்சி. உன் கிளைமாக்ஸ்தான் டப்பா" என்றார். கஞ்சியைக் குடித்தார்.

படத்தை எடைபோடுவதில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. அவர் திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனிப் பேருந்தை ஓட்டியவர். படத்தில் வண்டி வந்துவிட்டால் கதையை விட்டுவிடுவார். கிளட்ச் மிதிக்காமல் கியர் மாற்றினால் அந்தக் கதாநாயகன் தீர்ந்தான். ரோடு நேராக இருக்கும்போது ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினால், "இவன் வண்டி ஓட்றானா, மாவு ஆட்றானா?" என்பார். காதலியை உட்காரவைத்துப் பாடிக்கொண்டே ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுகிறவனுக்கு மன்னிப்பே கிடையாது. வண்டியே இல்லாத புராணப் படங்களைத்தான் அவர் நிம்மதியாகப் பார்த்தார். அதிலும் தேர் வந்துவிட்டால் ஆபத்துதான்.

நான் விழுப்புரம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்கு வண்டியைப் பற்றித் தெரியாது. ஆனால் ஒரு பெண் நிஜமாக வேலை செய்கிறாளா என்று தெரியும். பெரிய குடும்பம் முழுவதற்கும் சமைத்துவிட்டு வருகிற கதாநாயகிக்கு நெற்றிப் பொட்டு கலையாது, இடுப்பில் ஈரம் இருக்காது. மாமியார் உதைப்பாள், புருஷன் சந்தேகப்படுவான், அவள் பூஜை அறையில் போய்ப் பாடுவாள். குரல் மட்டும் களைக்காது. "இந்தப் படத்தை எடுத்தவர் சமையல்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை" என்று சொல்வேன். நோயாளிப் புருஷனைப் பார்த்துக்கொள்கிற பெண் வந்துவிட்டால் எனக்கு ஆத்திரமே வரும். அவள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து புன்னகை செய்துகொண்டே இருப்பாள். ஒரு காட்சியிலாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு 'அப்பாடா' என்று உட்கார வேண்டாமா?

அவருக்கு அந்தப் படங்கள்தான் பிடிக்கும். "பொம்பளன்னா இவதாம்மே" என்பார், நான் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே.

ரயில் போகிறபோது வசனம் கேட்காது. எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, மின்சார ரயில் ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் படத்தை நிறுத்தப் போனால் வேண்டாமென்று கட்டிலைத் தட்டுவார். வாயசைவிலேயே கதை புரியும் என்பார். அந்தக் காலத்துக் கதைகளுக்கு அதுவே போதும்.

கொஞ்ச நாளாக என் வலது தோள்பட்டை வலித்துக்கொண்டிருந்தது. முதலில் ஏதோ பிடிப்பு என்று தைலம் தேய்த்தேன். அப்புறம் தலை பின்னக் கையைத் தூக்க முடியவில்லை. ரவிக்கை மாட்டுவதற்குள் கண்ணில் பூச்சி பறந்தது. கட்டிலில் சாய்ந்திருக்கிறவர் வாய்க்கு எட்ட ஒவ்வொரு கவளத்துக்கும் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அவர் மென்று விழுங்கும் வரை, படத்தில் சண்டை நடந்தால் சண்டை முடியும் வரை, கை அந்தரத்திலேயே நிற்கும். வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

ஒருநாள் காலை இட்லியை ஊட்டிவிட்டு, ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி ஆவடியில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் கையைத் தூக்கச் சொன்னார், பாதியில் நின்றது. அவரே பிடித்துத் தூக்கினார், நான் கத்திவிட்டேன். தோள் இறுகிவிட்டது, இன்னும் இப்படியே உழைத்தால் இந்தக் கை உங்களுக்கே உதவாமல் போய்விடும் என்றார். ஊசி போடலாம், பயிற்சி செய்யலாம், ஆனால் முதலில் ஓய்வு வேண்டும், கையை உயர்த்திப் பிடிக்கிற வேலையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். யாரிடம் கொடுப்பது என்பதை அவரிடம் கேட்க முடியாது.

நெமிலிச்சேரி நிலையத்தில் இறங்கி நடந்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. இரண்டு பேரும் வலது கை இல்லாமல் உட்கார்ந்திருப்போம், யார் வந்து ஊட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து அரிசியைக் களைந்தேன்.

அன்றைக்குக் கிடைத்த படம் கறுப்பு வெள்ளை. என் கணவர் உயிராய் நினைக்கிற கதாநாயகன் நடித்தது, இதுவரை எங்களுக்கு அகப்படாத படம். வெகுநாளாகத் தேடியது கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ரசம் சாதத்தைப் பிசைந்து முதல் வாய் கொடுத்தேன். கதாநாயகன் காரில் ஏறினான்.

"இன்னாம்மே இது? ஸ்டியரிங் லெஃப்ட்ல கீது?"

"வெளிநாட்டுல எடுத்திருப்பாங்க. வாயைத் திறங்க."

"ஃபாரின்ல ஏதுமே மாட்டு வண்டி? அதும் ராங் சைடுல போவுது பாரு."

பார்த்தேன். எனக்கு அவர் சொன்ன கார் உறுத்தவில்லை, கதாநாயகியின் முந்தானை உறுத்தியது. வலது தோளில் கிடந்தது. பின்னால் வந்த கூட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் அப்படியே. தெருவில் ஒரு கடைப் பலகை போனது, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருந்தது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம், சிரித்தாள்.

"திருட்டுத்தனமா போடறவங்க அப்படித்தாம்மா செய்வாங்க. அப்படியே போட்டா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுத் தூக்கிடும். அதான் இடது பக்கத்த வலது பக்கமா திருப்பிப் போட்டுடறாங்க. கம்ப்யூட்டர் ஏமாந்துடும்."

அவரிடம் சொன்னேன். படத்தை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். கிளட்ச் மிதிக்காதவனையே மன்னிக்காதவர் ஆயிற்றே. ஆனால் இந்தப் படத்தை விட மனசில்லை. "வுடு. பயக்கமாய்டும்" என்றார். உண்மையிலேயே கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. முந்தானை இருக்கிற இடத்தை நானும் மறந்துவிட்டேன்.

அப்புறம் கல்யாணப் பந்தி வந்தது. நீளமாக இலை போட்டு ஊரே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் அவருடைய கதாநாயகன். சாம்பாரை ஊற்றுகிறார்கள், அத்தனை பேரும் இடது கையால் பிசைந்து இடது கையால் வாயில் போடுகிறார்கள். தாடி வைத்த பெரியவர், மாப்பிள்ளை, சம்பந்தி, எல்லோரும். அவர் சிரித்துவிட்டார். உடம்பு குலுங்கச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பாத்தியாம்மே, ஊரே பீச்சாங்கைல துன்னுது!"

அந்த நேரம் பார்த்து என் கை நின்றுவிட்டது. கவளத்தை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனது, அதற்கு மேல் போகவில்லை. தோளில் இருந்து விரல் வரை ஒரு இழுப்பு. சோறு அவர் வேட்டியில் விழுந்தது.

"இன்னாம்மே, படத்தப் பாத்துகினு ஊட்றியா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "முடியலங்க" என்றேன். "என்னால முடியல. ரேஷன் கடைக்குப் போகல, டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். கை தூக்க வரல. தலை பின்ன முடியல. உங்க அக்கா ஊட்டினா வேண்டாம், மக ஊட்டினா வேண்டாம். எனக்கும் உடம்புதானே? நான் என்ன உங்க சினிமாக்காரியா, சிரிச்சுக்கிட்டே இருக்க?"

அவர் டிவியைப் பார்த்தார். விளம்பரம் வந்திருந்தது, யாரோ ஒரு குடும்பம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. விளம்பரம் முடிந்து பந்தி திரும்பவும் வந்தது.

"உங்க ஆளே துன்றாரு பாருங்க, அந்தக் கையால" என்றேன்.

"அது திருப்பிப் போட்டது."

"உங்களையும் திருப்பிப் போட்டாச்சுன்னு வெச்சுக்கோங்களேன். படம் ஓடுதா இல்லையா?"

நான் சொன்னது அதிகமோ என்று பட்டது, ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. அவ்வளவு களைப்பு. அவர் வேட்டியில் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் பக்கத்து முக்காலியைக் காட்டினார்.

"தட்ட அதுமேல வெச்சிட்டு அந்தாண்ட போ. கதவ சாத்திக்கினு போ."

சமையலறையில் போய் மணையில் உட்கார்ந்தேன். தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்தேன். பந்தி முடிந்து பாட்டு வந்தது. பாட்டு முடிந்து யாரோ அழுதார்கள். தட்டு முக்காலியில் நகர்கிற ஓசை வந்தது. ஒரு தடவை டம்ளர் விழுந்து உருண்டது, எழுந்து ஓடப் போனவள் என்னை நானே பிடித்து உட்காரவைத்தேன். ஒரு ரயில் போனது, அது போய்முடிகிற வரை எதுவும் கேட்கவில்லை. திரும்ப உள்ளே வரச் சொல்லிக் கட்டிலைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை.

டிவி ஓசை நின்ற பிறகுதான் கதவைத் திறந்தேன். சட்டையில் ரசம், மீசையில் பருக்கை, தரையில் பாதிச் சோறு. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை. இடது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார், இத்தனை நாளும் சோற்றைத் தொடாத கை அது.

எதையாவது கேட்டால் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது. குனிந்து டம்ளரை எடுத்தேன்.

"ரசத்துல உப்பே இல்லம்மே" என்றார்.

"பிரஷருக்கு டாக்டர் குறைக்கச் சொன்னாருல்ல. ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள் முதலா இப்படித்தான் சமைக்கிறேன்."

"தெரியும். அப்பலேர்ந்தே வாயில வெக்க முடில."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பவே சொல்றதுக்கென்ன? மூணு வேளையும் வாயைத் திறந்து வாங்கிக்கிட்டுதானே இருந்தீங்க?"

"ஊட்டி வுடறவகிட்ட இன்னாத்தம்மே சொல்றது" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "இப்ப நானா துன்றேன். அதான் சொல்றேன்."

டம்ளரைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் வாய் திறக்காமல் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். சிந்திய சோற்றை இடது கையால் கூட்டி அள்ளிக்கொண்டே அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே அந்தக் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். கையில் ரசம் காய்ந்திருந்தது.